வன்தட்டில் ஒரு நில அளவை

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
12.9.2004

'கணினி முற்றம்' மாத இதழின் மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களின் சமூகத்துக்கு, நில அளவைத் துறையில் முப்பத்தாறு ஆண்டு சங்கிலி பிடித்து ஓய்வு பெற்ற மு. சக்கரவர்த்தி வணங்கி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி திரௌபதியும் சுகம். மகள் கவிநிலா கல்யாணமாகிப் போன இடத்தில் சுகம். என் கணினியும் பரிபூரண சுகம், வருத்தமே அதில்தான். அங்கே தாங்களும், தங்கள் ஆசிரியர் குழுவினரும், முக்கியமாக ஜூலை இதழின் பதினேழாம் பக்கத்தை எழுதிய அந்த அன்பரும் நலமாக இருக்க அண்ணாமலையாரை வேண்டிக்கொள்கிறேன். அவர் நலமாக இருந்தால்தான் நான் கேட்கப்போகிறவற்றுக்குப் பதில் சொல்லத் தெம்பு இருக்கும்.

அந்தப் பதினேழாம் பக்கத்தில் 'பரணில் கிடக்கும் கணினிக்கும் பருவம் திரும்பும்' என்று ஒரு கட்டுரை. கூடவே இலவசமாக ஒரு சிடி. அதில் புத்தம்புது லினக்ஸ், அதுவும் தமிழிலேயே பேசும் லினக்ஸ், எப்பேர்ப்பட்ட பழைய கணினியானாலும் போட்ட காபி ஆறுவதற்குள் ஏறி உட்கார்ந்துவிடும் என்று எழுதியிருந்தீர்கள். என்னுடைய கணினி, செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரை மூடியபோது வாங்கியது. வெள்ளைக்காரர்கள் தட்டித் தட்டி விசைப்பலகையில் ஆங்கில எழுத்தெல்லாம் தேய்ந்துபோய், தமிழ் அடிக்க எனக்கு வசதியாக மொட்டையாக இருக்கும். விண்டோஸ் 95 ஓடிக்கொண்டிருந்தது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டுக் குளித்து, விபூதி பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் சரியாகத் திறந்திருக்கும். எனக்கும் அதற்கும் எந்தத் தகராறும் இல்லை. பரணில் அதற்கும் மூத்தது இன்னொன்று கிடந்தது. என் மைத்துனர் வேண்டாமென்று தள்ளிவிட்டது. இரண்டும் சும்மா இருந்தன, நானும் சும்மா இருந்தேன். எங்களைக் கெடுத்தது தங்கள் பத்திரிகை.

முதலில் சிடி போடும் தட்டு வெளியே வர மறுத்தது. திரௌபதியின் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவி அங்கிருந்த சின்னத் துளையில் விட்டதும் நாக்கை நீட்டியது. தங்கள் சிடியைப் போட்டு, கணினியை அணைத்து மறுபடி போட்டால், அது சிடியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே விண்டோஸுக்கே போயிற்று. கட்டுரையை மறுபடி படித்தேன். 'மிகப் பழைய கணினிகள் சிடியிலிருந்து தொடங்கா. ஒரு துவக்க ஃபிளாப்பி செய்துகொள்க' என்று பொடி எழுத்தில், ஊறுகாய் விளம்பரத்துக்குக் கீழே போட்டிருந்தீர்கள். வீட்டில் பதினொரு ஃபிளாப்பிகள் இருந்தன. பத்தில் பூஞ்சை. ஒன்று மட்டும் நேற்று வாங்கியதுபோல் பளபளவென்று இருந்தது. அது ஏன் அவ்வளவு சுத்தமாக, பிளாஸ்டிக் உறையில், பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவில் இருந்தது என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. தாங்கள் எழுதிய முறைப்படி, ஒரு வரி பிசகாமல், அதையே துவக்க ஃபிளாப்பியாக மாற்றினேன். கணினி கண் விழித்தது. விழித்ததும் திரையில் 'நினைவகம் போதவில்லை' என்றது. நான் சத்தமாகப் படித்தேன். சமையலறையிலிருந்து திரௌபதி, "அறுபது தாண்டிடுச்சு, கம்மியாத்தாங்க இருக்கும்" என்றாள். பரணில் ஏறி, அந்த மூத்த கணினியை இறக்கி, திருப்புளியால் பிரித்து, அதன் நினைவகச் சில்லுகளைப் பிடுங்கி இளையதற்கு மாட்டினேன். கையில் ரெண்டு இடத்தில் கீறல். அதோடு அது ஒத்துக்கொண்டது.

இப்போதுதான் ஐயா, தாங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய இடம். திரையில் சுத்தத் தமிழில் ஓர் அறிவிப்பு வந்தது. 'வன்தட்டில் பிரிவினை செய்யப்பட வேண்டும்' என்றது. ஒரு நில அளவையரைப் பார்த்து இப்படிச் சொன்னால் அவனுக்கு உடம்பில் என்ன ஓடும் என்று நினைக்கிறீர்கள்? ஓய்வு பெற்று மூன்று வருஷமாகப் பிரிவினைக்காக என்னை யாரும் தேடி வரவில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தேன். கீழே இரண்டு வழி காட்டியிருந்தது. ஒன்று, 'முழுப் பரப்பையும் எடுத்துக்கொள்'. மற்றொன்று, 'இருப்பதை விட்டுவிட்டுக் காலியிடத்தில் அமர்'. காலியிடத்தில் அமர்வது என்றால் எங்கள் துறையில் அதற்குப் பெயர் ஆக்கிரமிப்பு. முப்பத்தாறு வருஷத்தில் ஒரு ஆக்கிரமிப்புக்குக்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை; பணி ஓய்வுக்கு அப்புறமா போடுவேன்? 'முழுப் பரப்பையும் எடுத்துக்கொள்' என்பதை அழுத்தினேன். அடுத்து, 'தட்டிலுள்ள யாவும் துடைக்கப்படும். உறுதியா?' என்று கேட்டது. வன்தட்டு என்பது பெட்டிக்குள் இருக்கும் ஒரு தட்டு என்று தாங்களே படம் போட்டு விளக்கியிருக்கிறீர்கள். பழைய தட்டு, அதில் தூசி இருக்கும், துடைக்கிறேன் என்கிறது, நல்ல பழக்கம்தானே என்று நினைத்தேன். "திரௌபதி, இது தானே துடைச்சுக்குதாம்" என்றேன். "அதுக்காச்சும் தெரியுதே" என்றாள். 'ஆம்' என்பதை அழுத்தினேன்.

அன்று வெள்ளிக்கிழமை. தொண்ணூற்று நான்கு சதவீதம் போனபோது கரண்ட் போயிற்று. மறுநாள் பௌர்ணமி, கிரிவலத்துக்கு வந்த ஜனத்துக்காக லாட்ஜிலும் சத்திரத்திலும் இருக்கிற விளக்கெல்லாம் எரிய, எங்கள் வீட்டில் மின்விசிறி ஓய்வூதியர் நடப்பதுபோல் சுற்றியது. இரண்டாம் முறை போட்டது எழுபது சதவீதத்தில் நின்றது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்றாம் முறையாக ஆரம்பித்து, சாயங்காலம் ஆறு மணிக்கு நூறு வந்தது. இதற்கிடையில் ஆறிய காபிகள் பதினான்கு. திரையில் ஒரு பறவை வந்து நின்று தமிழில் 'நல்வரவு' என்றது. திரௌபதி அது வாத்து என்றாள். நான் பென்குயின் என்றேன். அதற்குள் பள்ளியில் வாத்தியாராக இருக்கும் என் மகள் கவிநிலா எட்டிப் பார்த்து, "சூப்பரா இருக்குதுப்பா. கல்யாண லிஸ்டைத் திறங்க, நாளையிலிருந்து பத்திரிகைல பேர் எழுத ஆரம்பிச்சிடலாம்" என்றாள்.

ஐயா, கல்யாணத்துக்கு அன்றைக்கு இருபத்தாறு நாள் இருந்தது. ஆவணி பதினொன்றாம் தேதி முகூர்த்தம். அழைக்க வேண்டியவர்கள் நானூற்று முப்பத்தெட்டுப் பேர், ஊர், தெரு, கதவு எண், எத்தனை பத்திரிகை என்ற விவரத்தோடு, இரண்டு மாதம் ஒற்றை விரலால் அடித்து அந்தக் கணினியில் வைத்திருந்தேன். கையால் எழுதிய நோட்டு ஒன்று இருந்தது. மார்ச் இதழில் தாங்கள் 'காகிதமில்லா வீடு' என்று எழுதியதைப் படித்துவிட்டுப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டேன். போட்டபோது பெருமையாக இருந்தது. பத்திரமாக ஒரு நகல் ஃபிளாப்பியிலும் எடுத்து வைத்திருந்தேன். பட்டுப்புடவைகளுக்கு நடுவில்.

தேரடி வீதியில் கணினி பழுது பார்க்கும் சோமேஷைக் கூப்பிட்டேன். குருக்கள் வீட்டுப் பிள்ளை, நாற்பது வயது, நிதானமானவர். கணினி முன் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, கால் மணி நேரம் எதையெதையோ தட்டினார்.

"சார், மூணு தடவை போட்டேளா?"

"கரண்ட் போயிடுச்சுங்க. அதனால மூணு தடவை."

"ஒரு தடவைன்னா ஏதாவது பாக்கலாம். இது எல்லாம் போயிடுத்து சார். ஆனா ஒண்ணு சொல்லணும், போட்டது ரொம்ப நன்னா போட்டிருக்கேள். இவ்வளவு பழைய மெஷின்ல இது ஓடி நான் பார்த்ததே இல்லை."

அந்தப் பாராட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? திரௌபதி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். இலையில் சாதம் வைத்தாள், குழம்பு ஊற்றவில்லை. குழம்பு எங்கே என்றேன். "துடைச்சாச்சு" என்றாள்.

மறுநாளிலிருந்து நினைவில் இருந்து எழுதினோம். மூன்று பேரும் மூன்று மூலையில் உட்கார்ந்து மூன்று நாள் யோசித்ததில் நூற்றுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒன்பது பேர் என் அலுவலகத்தில் வேலை பார்த்து மாற்றலாகிப் போனவர்கள், எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. தெரிந்த வீடுகளுக்குப் பத்திரிகையோடு கிளம்பினோம். எதிர் வீட்டுக்காரருக்கு நான் ஒன்று, திரௌபதி ஒன்று, கவிநிலா ஒன்று வைத்துவிட்டோம். மூன்றாவது பத்திரிகையை வாங்கும்போது அவர், "கண்டிப்பா வந்துடறேங்க, நீங்க பதட்டப்படாதீங்க" என்றார். ஒரு வீட்டில் தாம்பாளத்தை நீட்டி, குடும்பத்தோடு வந்துவிட வேண்டும் என்று சொல்லி, மோரும் குடித்து முடித்த பிறகுதான் அது வேறு யாரோ வீடு என்று தெரிந்தது. அவர்கள் கல்யாணத்துக்கு வந்தார்கள், மொய்யும் வைத்தார்கள், நல்ல மனிதர்கள். ஆனால் போளூரில் திரௌபதியின் சொந்தச் சித்தி மகள் கஸ்தூரியை மறந்துவிட்டோம். அந்தம்மா போனில் திரௌபதியிடம், "இன்னாக்கா, எங்க வீட்டுக்கு வர்ற வழியும் அழிஞ்சு போச்சா?" என்று கேட்டுவிட்டது. போனை வைத்துவிட்டு திரௌபதி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். துடைத்தல் என்ற சொல்லே எனக்கு அதன் பிறகு பிடிக்காமல் போயிற்று.

அப்போதுதான் அவள் சொன்னாள். "ஏங்க, உங்க அண்ணன்கிட்ட கேளுங்க. அவருக்குத்தான் ரெண்டு பக்கத்துச் சொந்தமும் அத்துப்படி."

என் அண்ணன் ராஜமாணிக்கத்தைப் பற்றித் தங்களுக்குச் சொல்ல வேண்டும். அவலூர்ப்பேட்டை ரோட்டில் எங்கள் கிராமத்திலேயே விவசாயம் பார்ப்பவர். 1993-இல் எங்கள் அப்பாவின் நிலத்தைப் பிரித்தபோது, வெளி ஆள் எதற்கு, சர்வேயர் தம்பியே இருக்கிறான் என்று என்னையே அளக்கச் சொன்னார். அளந்தேன். எல்லைக் கல் சரியாக அவருடைய மாட்டுக்கொட்டகைக்கு நடுவில் வந்து விழுந்தது. அண்ணன், "கொஞ்சம் தள்ளி நடுடா" என்றார். அளவு அளவுதான் என்று சொல்லி, கொட்டகைக்குள்ளேயே நட்டுவிட்டு வந்தேன். அவ்வளவுதான். அதன் பிறகு பதினோரு வருஷம் பேச்சில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அவர் மகன் கல்யாணத்துக்கு எங்களைக் கூப்பிடவில்லை. அதனால் நானும் கூப்பிடுவதாக இல்லை.

இரண்டு நாள் மாட்டேன் என்றேன். மூன்றாம் நாள் காலை பஸ் ஏறினேன். அண்ணன் கொட்டகையில்தான் இருந்தார். நான் நட்ட கல் அசையாமல் அதே இடத்தில் இருந்தது. அதில் ஓர் எருமையைக் கட்டியிருந்தார்.

"யாரு?" என்றார், நன்றாகத் தெரிந்துகொண்டே.

"நான்தாண்ணா."

"அளக்க வந்தியா?"

"இல்லண்ணா. கவிநிலாவுக்குக் கல்யாணம். லிஸ்டை கம்ப்யூட்டர்ல வச்சிருந்தேன். புதுசா ஒண்ணு ஏத்துறேன்னு போயி எல்லாத்தையும் அழிச்சிட்டேன். ஒரு பேரு மிச்சம் இல்ல."

அவர் எருமையின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். "சொந்தக்காரன் பேரை ஞாபகம் வச்சுக்க ஒரு மெஷினு. இன்னாடா பொழப்பு சக்கரை இது?" என்றார். என்னைச் சக்கரை என்று கூப்பிட இந்த உலகத்தில் அவரை விட்டால் ஆள் கிடையாது. "உக்காரு. எழுது. கிழக்கால இருந்து ஆரம்பிக்கிறேன்."

நம்புங்கள் ஐயா. கையில் ஒரு துண்டுத் தாள் இல்லை. கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். நான் வரப்பு வரப்பாக அளப்பதுபோல் அவர் தெருத் தெருவாகப் போனார். "போளூர் கஸ்தூரி. ரெண்டு பத்திரிகை வை, மாமியாருக்குத் தனியா, இல்லன்னா வராது. வேட்டவலம் சுப்பிரமணி, காது மந்தம், நேர்ல போய்ச் சொல்லு. கீழத்தெரு ராமகிருஷ்ணன், அவன் செத்துட்டான், பையன் மாறன் பேர்ல எழுது." என்னுடைய பட்டியலில் ராமகிருஷ்ணன் உயிரோடு இருந்தார். மூன்று மணி நேரத்தில் நானூற்று அறுபத்தொரு பேர். என் கணினியில் இருந்ததைவிட இருபத்து மூன்று பேர் ஜாஸ்தி. எத்தனை நினைவகச் சில்லு மாட்டினாலும் இப்படி ஒரு கணினி வருமா?

எழுதி முடித்து நான் எழுந்தபோது அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன். அழிஞ்சு போச்சுன்னியே, அந்த லிஸ்ட்டு. அதுல என் பேரு இருந்துச்சா?"

எருமைகூட அசைபோடுவதை நிறுத்தியதுபோல் இருந்தது. நான் சொன்னேன், "இருந்துச்சுண்ணா."

ஆசிரியர் அவர்களே, அண்ணன் கணினிப் பத்திரிகையைத் தொடுகிறவர் இல்லை என்ற தைரியத்தில் தங்களிடம் உண்மையைச் சொல்கிறேன். இருந்தது. பட்டியலின் கடைசிப் பக்கத்தில் 'தவிர்க்க' என்று தலைப்புப் போட்டு, அதன் கீழ் ஒரே ஒரு பெயர் அடித்திருந்தேன். இருந்துச்சா என்றுதான் அவர் கேட்டார். எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை. ஆவணப்படி நான் பொய் சொல்லவில்லை. ஆனாலும் பஸ்ஸில் வீடு வரும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, ஓர் அளவு கொஞ்சம் தள்ளி விழுந்ததற்காகச் சந்தோஷப்பட்டேன். தங்கள் லினக்ஸ் துடைத்தவற்றில் அந்தக் கடைசிப் பக்கமும் ஒன்று என்பதை நன்றியோடு சொல்லத்தான் வேண்டும்.

கல்யாணம் நன்றாக நடந்தது. மண்டப வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு அண்ணன்தான் நின்றார். உள்ளே வந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, ஊர் சொல்லி, மாடு கன்றை விசாரித்து அனுப்பினார். கஸ்தூரி மாமியாரோடு வந்தது. எல்லாரும் வந்ததால் இரண்டாம் பந்தியில் வடை தீர்ந்து, மூன்றாம் பந்தியில் அப்பளமும் தீர்ந்தது. தாலி கட்டும் நேரம் நான் கூட்டத்துக்குப் பின்னால் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். என்ன தேடினேன் என்று இப்போது நினைவில்லை. அண்ணன் கையைப் பிடித்து இழுத்துப்போய் மேடையில் முன்னால் நிறுத்தி, "பொண்ணப் பெத்தவன் இங்க நில்லுடா" என்றார். அந்தக் கையை அவர் கொஞ்ச நேரம் விடவில்லை.

இதெல்லாம் நடந்ததால் தங்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கோபம் இருக்கிறது. 'துடைக்கப்படும்' என்று எழுதிய மொழிபெயர்ப்பாளரை இனிமேல் 'அழிந்தே போகும், அப்புறம் அழுதாலும் வராது' என்று எழுதச் சொல்லுங்கள். 'காலியிடத்தில் அமர்' என்பதை ஒரு சர்க்கார் ஊழியன் அழுத்தமாட்டான் என்பதையும் எடுத்துச் சொல்லுங்கள். ஊறுகாய் விளம்பரத்தை வேறு பக்கத்துக்கு மாற்றுங்கள். என் கணினி இப்போது பொத்தானை அழுத்தியதும் திறந்துவிடுகிறது, குளிக்க நேரம் இல்லாமல் போயிற்று. இதையும் குறையாகவே பதிவு செய்கிறேன். இந்தக் கடிதத்தை ஒரு வரி வெட்டாமல் அடுத்த இதழில் பிரசுரித்து, பழைய கணினி வைத்திருக்கும் வாசகர்களை எச்சரிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் வீட்டில் நல்ல காரியங்கள் தடையில்லாமல் நடக்கட்டும். அழைக்க வேண்டியவர்கள் எல்லாரும் நினைவுக்கு வரட்டும்.

தங்கள் சந்தாதாரரும் புகார்தாரருமாகிய,
மு. சக்கரவர்த்தி

பின்குறிப்பு: இதை எழுதுவது சக்கரவர்த்தி இல்லை. அவன் அண்ணன் ராஜமாணிக்கம். மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, கொடுக்க இன்றைக்கு வேங்கிக்காலுக்குப் போயிருந்தேன். தம்பி வீட்டில் இல்லை. திரௌபதி இந்தக் கவரைக் கொடுத்து, "டவுனுக்குத்தான போறீங்க மாமா, தபால்ல போட்டுடுங்க. இன்னும் ஒட்டல, நீங்களே பாத்து ஒட்டிடுங்க" என்றது. அது பார்க்கச் சொன்ன மாதிரி இருந்ததால் தபால் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன்.

ஐயா, நானூற்று அறுபத்தொரு பேரை மனப்பாடமாகச் சொல்ல நான் என்ன புலவனா? அவன் வருவதற்கு முந்தின நாளே திரௌபதி எனக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. என் மகன் கல்யாணத்துக்கு எழுதிய நோட்டு வீட்டில் இருந்தது. அதை எடுத்து அன்று முழுக்கக் கொட்டகையில் உட்கார்ந்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். எஸ்.எஸ்.எல்.சி.க்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை. படிக்கும்போது ஒன்று உறுத்தியது. அந்த நோட்டில் தம்பி பெயர் இல்லை. 'உன் பையன் கல்யாணத்துக்கு ஏன் என்னைக் கூப்பிடலை'ன்னு கேட்டுவிட்டால் என்ன சொல்வது? முதல் பக்கத்தில் மேலே கொஞ்சம் இடம் இருந்தது. 'தம்பி சக்கரவர்த்தி, குடும்பத்துடன்' என்று எழுதினேன். மை புதுசாகத் தெரியக் கூடாதே என்று சாணிக் கையால் லேசாகத் தேய்த்து, நோட்டை இடுப்பில் சொருகிக்கொண்டேன். கேட்டால், 'லிஸ்ட்ல இருக்குது பாருடா, தபால்ல தொலைஞ்சிருக்கும்' என்று காட்டலாம் என்று. அவன் கேட்கவே இல்லை.

அதனால் கடிதத்தைத் தாராளமாகப் போடுங்கள். அந்தக் கடைசிப் பக்கத்தைப் பற்றி எழுதியதும் அப்படியே இருக்கட்டும். நான் எழுதிய இந்தத் துண்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். அவன் என்னை நம்பிக்கொண்டிருக்கிறான்.